நகல் வேண்டி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: முத்தையாபுரத்துக்காரன் ஒருவன், தூத்துக்குடி.
பெறுநர்: வானத்திலிருந்து பூமியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதிகாரிகள் அவர்கள், வாஷிங்டன், பெய்ஜிங், மாஸ்கோ. புதுடெல்லிக்கும் ஒரு பிரதி, தகவலுக்காக.
பொருள்: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் ஊருக்கு மேலே எடுக்கப்பட்ட படங்களின் நகல் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயாமார்களே,

வழக்கமாக எங்கள் ஊர் மனு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குத்தான் போகும். குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கையில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவோம். மனு அங்கிருந்து தாலுகா ஆபீசுக்கு இறங்கும். அப்புறம் இன்னும் இறங்கி, நாங்கள் யார்மேல் புகார் சொன்னோமோ அவருடைய மேஜைக்கே வந்து சேரும். அவர் 'மனுதாரரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது' என்று எழுதி முடித்துவைப்பார். கீழே இறங்குகிற மனுவின் கதி தெரிந்துவிட்டதால் இந்த முறை மேலே அனுப்புகிறேன். பூமிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் கண் வைத்திருக்கிறவர்களுக்கு மேல் வேறு ஆபீசர் இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை.

இருப்பிட விவரம் உங்களுக்குத் தேவைப்படாது. ஆனாலும் மனு என்றால் எழுத வேண்டும். முத்தையாபுரம், தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோட்டில் இருக்கிறது. கடல் பக்கம் வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் அனல்மின் நிலையமும். ரோட்டோரம் ஸ்பிக் உர ஆலை. அதை ஒட்டி 1978-ல் ஓடத் தொடங்கிய கனநீர் ஆலை. மிச்சமெல்லாம் உப்பளம். கோடையில் பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேரென்று கிடக்கும்; காமிராவைச் சரிபார்த்துக்கொள்ள இதைவிடத் தோதான தரை உங்களுக்கு வாய்க்காது. அந்த வெள்ளையில் வெயில் பட்டுத் தெறித்து, உப்பு வாருகிற பெண்களின் கண்கள் கெடுகின்றன. உங்கள் கண்ணுக்கு ஃபில்டர் உண்டு.

துறைமுகம், மின்சாரம், உரம், அணு உலைக்குக் கனநீர் வடித்த ஆலை, இத்தனையும் கூப்பிடு தூரத்தில் வைத்திருக்கிற ஊரை நீங்கள் படம் எடுக்கவில்லையென்றால் உங்கள் ஆட்களின் சம்பளத்தை நிறுத்திவிடுங்கள். 1974-ல் பொக்ரானில் குண்டு வெடித்த பிறகு, இந்தியாவில் கனநீர் வடிக்கிற இடமெல்லாம் உங்கள் பட்டியலில் ஏறியிருக்கும் என்று ஊகிக்க உளவுத்துறையில் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. படங்களில் ஒரு சிறு திருத்தம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். லாரிக்குப் பின்னால் வரிசை கட்டி நிற்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் ஏவுகணைத் தளவாடம் அல்ல. பிளாஸ்டிக் குடங்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து ஆலைகளுக்கென்று தினம் 2 கோடி காலன் தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோகத் திட்டம் போட்ட மாவட்டத்தில், மனுஷர் குடிக்கிற நல்ல தண்ணிக்குக் குடம் வரிசையில் நிற்பது இராணுவ இரகசியம் ஆகாது என்று நம்புகிறேன்.

'படங்களை வெளியாருக்குத் தருவதில்லை' என்று பதில் எழுதிவிடாதீர்கள். தேவைப்பட்டபோது தந்திருக்கிறீர்கள். 1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இறங்கியதை யூ-2 விமானம் எடுத்த படங்களைப் பலகையில் மாட்டி, ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன் ஊருக்கே விளக்கினார். 1995 டிசம்பரில் பொக்ரானில் ஏதோ வேலை நடக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்கத் தூதர் ஃபிராங்க் வைஸ்னர் டெல்லி அதிகாரிகளிடம் போனார். நரசிம்ம ராவ் அரசு வேலையை நிறுத்தியது. மூன்று ஆண்டு கழித்து நம் ஆட்கள் புத்தி தெளிந்து, உங்கள் செயற்கைக்கோள் தலைக்கு மேலே வரும் நேரத்தைக் கணக்குப் போட்டு ராத்திரியில் வேலை பார்த்தார்கள். ராமேஸ்வரத்து அப்துல் கலாம் இராணுவ உடுப்பு மாட்டிக்கொண்டு 'மேஜர் ஜெனரல் பிருத்விராஜ்' என்ற பெயரில் அங்கே நடமாடினார். 1998 மே 11 அன்று குண்டு வெடித்த பிறகுதான் உங்களுக்குச் செய்தி. அந்தக் கோட்டைவிடலுக்கு வாஷிங்டனில் விசாரணையே நடந்தது. பாலைவனத்தில் நாலு பேர் மண் அள்ளியதைக் காணாமல் விட்டதற்கு விசாரணை! அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இனி கோரிக்கையின் அடிப்படை. நீங்கள் எங்கே எப்போது மாட்டிக்கொண்டாலும் ஒரே ஒரு காரணத்தைத்தான் சொல்லி வருகிறீர்கள்: வானிலை.

1956 தொடக்கத்தில் அமெரிக்கா ஐந்நூறுக்கும் மேற்பட்ட பலூன்களில் காமிராவைக் கட்டி சோவியத் நாட்டுப் பக்கம் பறக்கவிட்டது. கேட்டதற்கு, வானிலை ஆராய்ச்சி. 1960 மே 1 அன்று பிரான்சிஸ் கேரி பவர்ஸ் ஓட்டிய யூ-2 விமானத்தை சோவியத் ஏவுகணை வீழ்த்தியது. ஆள் பிழைத்திருக்க மாட்டார் என்ற தைரியத்தில் நாசா அறிக்கை விட்டது: துருக்கிப் பக்கம் வானிலை ஆராய்ந்துகொண்டிருந்த எங்கள் விமானம், விமானிக்கு ஆக்சிஜன் கோளாறு, வழி தப்பிவிட்டது. நம்பாதவர்களுக்காக இன்னொரு யூ-2 விமானத்தின் வாலில் நாசா என்று பெயின்ட் அடித்துப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார்கள். சோவியத் தலைவர் குருஷ்சேவ் எல்லாப் பொய்யும் சொல்லி முடியும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, உங்கள் விமானி எங்களிடம் உயிரோடுதான் இருக்கிறார் என்றார்.

அறுபத்து மூன்று ஆண்டு கழித்து வேஷம் கை மாறியது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவுக்கு மேலே ஒரு சீன பலூன் மிதந்து போனது. பெய்ஜிங் வருத்தம் தெரிவித்தது: வானிலை ஆராய்ச்சிக்கு விட்டது, காற்று தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. சொல்லுக்குச் சொல் அந்த நாசா அறிக்கையின் கார்பன் காப்பி. பிப்ரவரி 4 அன்று தெற்கு கரோலினா கடலுக்கு மேலே எஃப்-22 விமானம் ஏவுகணை விட்டு அதைச் சாய்த்தது. சூடு தணியாமல் அடுத்த சில நாளில் மேலும் மூன்று பொருள்களைச் சுட்டார்கள். அதில் ஒன்று, இல்லினாய்ஸில் பொழுதுபோக்காக பலூன் விடுகிற ஒரு சங்கத்தாரின் பிள்ளை விளையாட்டாக இருக்கலாம் என்று பிறகு பேச்சு வந்தது. சில நூறு டாலர்கூடப் பெறாத பலூன். சுட்ட ஏவுகணை ஒவ்வொன்றும் நாலு லட்சம் டாலருக்கு மேல்.

எங்கள் பக்கத்தில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு விரதமிருந்து வேஷம் கட்டுவார்கள். காளி, குறவன், போலீஸ், பிச்சைக்காரர் என்று ஆயிரம் வேஷம். வேஷம் போட்டவர் வீடு வீடாய்ப் போய்க் காணிக்கை பிரித்து அம்மன் உண்டியலில் சேர்ப்பார். பத்தாம் நாள் சூரசம்ஹாரம் முடிந்ததும் காப்பை அவிழ்த்துவிட்டு மனுஷனாக வீடு திரும்புவார். உங்கள் வானிலைக்காரர் வேஷம் 1956-லிருந்து கலையவில்லை. காணிக்கை மட்டும் நிற்காமல் சேருகிறது.

டெல்லியும் இதில் இளைத்ததில்லை. 1965-ல் சீனாவின் அணுச் சோதனையை ஒட்டுக்கேட்க, அமெரிக்க உளவு நிறுவனத்தோடு சேர்ந்து நந்தாதேவி மலைக்குப் புளூட்டோனியத்தில் ஓடும் கருவியைத் தூக்கிப்போனார்கள். பனிப்புயலில் வழியிலேயே கட்டிவைத்துவிட்டு இறங்கினார்கள். அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தால் காணவில்லை. கங்கைக்குத் தண்ணீர் தருகிற மலையில் அது எங்கேயோ இன்னும் கிடக்கிறது. நாடாளுமன்றத்தில் பிரதமர் மொரார்ஜி தேசாய் ஒப்புக்கொள்ள 1978 ஆயிற்று. சீனாவைப் பார்க்கிற கருவியைத் தொலைத்தவர்கள், சீன எழுத்து என்று சந்தேகப்பட்ட ஒரு குறி இறக்கையில் இருந்ததற்காக மும்பைத் துறைமுகப் பக்கம் 2023 மே மாதம் ஒரு புறாவைப் பிடித்தார்கள். எட்டு மாதம் காவல். அது தைவானில் பந்தயத்துக்கு வளர்த்த புறா என்று தெரிந்து, 2024 ஜனவரி 30 அன்று விடுதலை. ஜாமீன் கேட்க அதற்கு வக்கீலும் இல்லை.

ஆக, நீங்கள் எல்லோரும் வானிலை பார்க்கிறவர்கள். உங்கள் வாக்குமூலத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அதனால்தான் இந்த மனு.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. இங்கே மழை பெய்தது. 18-ம் தேதி காலை எட்டரை வரையான இருபத்து நாலு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஓர் ஆண்டு முழுக்கப் பெய்தாலும் எட்டாத மழை ஒரு பகல் ஒரு இரவில் காயல்பட்டினத்தில் இறங்கிவிட்டது. தாமிரபரணி கரையில் நிற்கவில்லை. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. ஏரல் தனித் தீவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லை. ஏறத்தாழ எண்ணூறு பேர் ஏறிய வண்டி. அதில் பெரும்பாலோர் இரண்டு நாள் அங்கேயே அடைந்து கிடந்தார்கள், ஹெலிகாப்டர் வந்து பொட்டலம் போடும்வரை. ஒரு முழு ரயில் வண்டி! தெருவில் ஓடும் காரின் நம்பர் பிளேட்டையே வாசிப்போம் என்று பீற்றிக்கொள்கிறவர்களே, அதாவது தெரிந்ததா?

முத்தையாபுரத்தில் தண்ணீர் வந்த வகையைச் சொன்னால் உங்கள் ஆராய்ச்சிக்கு உதவும். வானத்திலிருந்து வந்ததை ஊர் தாங்கிக்கொண்டது. குளம் உடைந்து மேற்கேயிருந்து வந்ததைத் தாங்க முடியவில்லை. கிழக்கே கடலுக்குப் போக வேண்டிய ஓடைகளின் வாயில் கட்டடமும் ரோடும் ஆலைச் சுவரும் உட்கார்ந்திருக்கின்றன. தட்டுமேட்டில் அம்பாரமாகக் குவித்து ஓலை மூடி வைத்திருந்த உப்பு, இருந்த இடம் தெரியாமல் கரைந்து வந்த வழியே கடலுக்குப் போனது. ஆடு, மாடு, அரிசி, பிள்ளைகளின் புத்தகம், பட்டா, ரேஷன் கார்டு எல்லாம் மிதந்தன. மொட்டை மாடியில் நின்ற ஒரு பெரியவர் வானத்தைப் பார்த்துச் சொன்னது: "என்னவே, மேல இருந்து நம்ம தலையில இருக்க பேனக் கூட எண்ணுவானுவளாம். இம்புட்டுத் தண்ணி வருதுன்னு ஒருத்தனுக்குமா தெரியல?"

பெரியவருக்குப் பதில் சொல்லப் பெரிய இடத்தில் போட்டியே நடந்தது. வானிலை மையம் சொன்ன அளவைவிடப் பல மடங்கு பெய்துவிட்டது, எச்சரிக்கையும் சரியான நேரத்தில் வரவில்லை என்றது சென்னை. டிசம்பர் 12-ம் தேதியே சொல்லிவிட்டோம் என்று டெல்லியிலிருந்து நிர்மலா சீதாராமன் பதில் சொன்னார். சென்னை வானிலை மையத்தில் மூன்று டாப்ளர் ரேடார் உட்பட நவீனக் கருவிகள் இருப்பதை எடுத்துக்காட்டினார். எங்களுக்குப் பேரானந்தம். நாங்கள் முங்கியது நவீனக் கருவிகளின் நேரடி மேற்பார்வையில்! ஐந்து நாள் முன்பே கனமழை என்று சொன்னதும் உண்மையாக இருக்கலாம், 95 சென்டிமீட்டர் என்று சொல்லாததும் உண்மையாக இருக்கலாம். இரண்டு உண்மைக்கும் நடுவில் ஒரு குளம் உடைந்தது. அதன் கரையை மழைக்கு முன் போய்ப் பார்க்கச் செயற்கைக்கோள் தேவையில்லை. ஒரு சைக்கிள் போதும். கடைசியில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் வந்தது. வாங்கிக்கொண்டோம்.

சரியாக இரண்டு மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 17 அன்று, இன்சாட்-3டிஎஸ் என்ற புதிய வானிலைச் செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினார்கள். நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த பதினொரு நாளில், பிப்ரவரி 28 அன்று, எங்கள் ஊருக்கே வானவெளி வந்தது. பிரதமர் தூத்துக்குடியில் வைத்து குலசேகரன்பட்டினம் ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டினார். மாதவன்குறிச்சி, படுக்கப்பத்து, பள்ளக்குறிச்சி ஊர்களின் நிலம், இரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர். செலவு 986 கோடி. இலங்கைத் தலைக்கு மேலே பறக்கக் கூடாது என்பதால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விடுகிற ராக்கெட் சுற்றி வளைந்து போக வேண்டியிருக்கிறது. சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவிலேயே எரிபொருள் வீணாகிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து விட்டால் நேரே தெற்கே கடல்தான். கணக்கு சரியானது, விஞ்ஞானிகளிடம் எனக்கு வழக்கில்லை. ஆண்டுக்கு 24 வரை விடலாம் என்கிறார்கள். பழவேற்காட்டு மீனவர்களைக் கேட்டால் தெரியும், ராக்கெட் விடுகிற நாளில் வலைக்கு லீவு. கீழே வள்ளம் போடுகிறவனுக்கு அந்த நாள் கூலி எந்த 986 கோடியில் இருக்கிறது என்று பக்கத்து மணப்பாட்டுக்காரர் கேட்டால், அவரை வளர்ச்சிக்கு எதிரி என்று சொல்ல ஆள் தயாராக இருப்பார்கள்.

அதுகூடப் பெரிய விஷயமாகவில்லை. அன்று தமிழகமே பேசியது ஒரு விளம்பரத்தைப் பற்றி. அப்போது எங்கள் மாவட்ட அமைச்சராக இருந்த அனிதா ராதாகிருஷ்ணன் பத்திரிகைகளில் கொடுத்த வரவேற்பு விளம்பரத்தில் பின்னணியில் ஒரு ராக்கெட். அதன் நுனியில் சீனக் கொடி. திருநெல்வேலிக் கூட்டத்தில் பிரதமர் அதைக் கையிலெடுத்தார். வடிவமைத்தவர்கள் செய்த பிழை என்றார் அமைச்சர். மார்ச் 1 அன்று, அப்போதைய முதலமைச்சரின் பிறந்தநாளுக்குத் தமிழக பா.ஜ.க. சீன மொழியில் வாழ்த்துச் சொன்னது. அதற்கு இரண்டு மாதம் முன்பு எங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கோடு அப்போதும் காயவில்லை. இரண்டு கட்சிக்கும் ராக்கெட்டில் இருந்த கொடி கண்ணில் பட்டது, சுவரில் இருந்த கோடு படவில்லை.

இந்தக் கடலைக் கண்காணிக்கிற உரிமைக்கு அடிதடி நடப்பதும் புதிதல்ல. முத்துச் சிப்பிக்காகப் போர்த்துக்கீசியர் வந்தார்கள், பரவர்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு. 1658-ல் டச்சுக்காரர் அவர்களை விரட்டிவிட்டுத் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், அதுவும் பாதுகாப்புக்காகவே. பின்னால் ஆங்கிலேயர். இலங்கையின் மன்னார்க் கரையில் அரிப்பு என்ற இடத்தில் ஆங்கிலேய ஆளுநர் ஃபிரெடெரிக் நார்த் 1800-களின் தொடக்கத்தில் ஒரு மாளிகையே கட்டினார், முத்துக்குளிப்பை மேற்பார்வையிட. குளிக்கிறவனைச் சுறா கடிக்காமல் மந்திரம் போடும் கடல்கட்டிக்குக்கூடக் கூலி உண்டு. மேலே நின்று பார்த்தவர்களின் பங்கைச் சொல்ல வேண்டியதில்லை. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்கவில்லை. எடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாத பார்களுக்கு மேலே இப்போது சீனா, அமெரிக்கா, இந்தியா மூன்றும் கண் கொட்டாமல் காவல் இருக்கின்றன.

2022 ஆகஸ்ட் 16 அன்று யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைக்கு வந்தது. 2017-ல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன துறைமுகம் அது. ஏறக்குறைய வீட்டுக்கு வந்த மாதிரி. ஏவுகணையையும் செயற்கைக்கோளையும் பின்தொடரும் பெரிய பெரிய கிண்ணங்கள் அதன் தளத்தில். சொன்ன காரணம் அறிவியல் ஆராய்ச்சி; சரக்கு நிரப்பிக்கொண்டு போகிறோம் என்றார்கள். கூடங்குளம் தெரியும், கல்பாக்கம் தெரியும் என்று டி.வி.யில் அலறினார்கள். கரையெல்லாம் போலீஸ் உஷார். ஒரு வாரத்துக்குள் கிளம்பிப் போய்விட்டது. 2024 பிப்ரவரியில் சியாங் யாங் ஹோங் 3 என்ற இன்னொரு ஆராய்ச்சிக் கப்பல் மாலத்தீவுக்குப் போய் மரியாதையாக நின்றது. அதே மாலத்தீவுக்காரர்கள், நாலு மாதம் முன்பு, எங்கள் பக்கத்து ஊர் தருவைகுளத்து விசைப்படகைப் பன்னிரண்டு பேரோடு பிடித்து, இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டிருந்தார்கள். எல்லை தாண்டினார்கள் என்று. படகுக்காரரிடம் இருந்தது வலை. கப்பலில் இருந்தது கடலடியை அளக்கும் கருவி. தருவைகுளத்தார் இனிமேல் வலைக்கு வானிலைக் கருவி என்று பெயர் எழுதி ஒட்டிக்கொள்வது நல்லது.

படகுகளுக்கு இப்போது இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறார்கள். படகு எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோள் வழியாகக் கரையில் தெரியும். இலங்கைக் கடற்படை வந்து பிடித்துக்கொண்டு போகும்போதும் தெரியும், எந்த இடத்தில் பிடித்தார்கள் என்று துல்லியமாக. மாமூலாகக் கடிதம் எழுத அது உதவுகிறது.

வீரத்தைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். 2007 ஜனவரியில் சீனா ஏவுகணை விட்டு ஒரு செயற்கைக்கோளை நொறுக்கியது: தன்னுடையதை. 2008 பிப்ரவரியில் அமெரிக்கா: தன்னுடையதை. 2019 மார்ச் 27 அன்று, தேர்தலுக்குப் பதினைந்து நாள் இருக்கையில், இந்தியா: தன்னுடையதை. 2021 நவம்பரில் ரஷ்யா: தன்னுடையதை. நாலு வல்லரசும் விண்வெளியில் இதுவரை வீழ்த்திய ஒரே எதிரி, சொந்தப் பிள்ளை. சிதறல்கள் மேலே சுற்ற, கீழே பட்டாசு வெடித்தோம். இந்த வீரத்தைப் பக்கத்து வீட்டுக்காரனைப் பயமுறுத்தத் தன் வீட்டுக் கோழியை அறுப்பது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அவர்கள் குழம்பாவது வைப்பார்கள்.

கோரிக்கை ஒன்றோடு முடிக்கலாம் என்றிருந்தேன். எழுத எழுத இன்னொரு தேதி குறுக்கே வந்து நிற்கிறது. கூடுதல் நகலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2018 மே 22, செவ்வாய்க்கிழமை. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி நூறு நாளாக உட்கார்ந்திருந்த சனம், ஆயிரக்கணக்கில், கலெக்டர் ஆபீசை நோக்கி நடந்தது. அதுவும் ஒரு மனுதான். ஊரே சேர்ந்து கொண்டுபோன மனு. பதில் துப்பாக்கியில் வந்தது. 13 பேர் செத்தார்கள். பள்ளிக்கூடம் முடித்த பெண்பிள்ளையும் அதில் உண்டு. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை அணைத்தார்கள். கீழே இருந்த கைப்பேசிக் காமிராக்களின் வாயைக் கட்டிவிட்டார்கள் என்பதால் மேலே இருந்த உங்கள் காமிராக்களை நம்பிக் கேட்கிறேன். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நாலு ஆண்டு விசாரித்து, சுட்டதற்கு நியாயமில்லை என்று எழுதி, 17 போலீசார்மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. வைத்த இடத்தில் பத்திரமாக இருக்கிறது. யார் சொல்லிச் சுட்டார்கள் என்பது படத்தில் விழாது என்று தெரியும். வெள்ளைச் சட்டை, வெறுங்கை, ஓடிக்கொண்டிருந்த முதுகு, அதுவாவது விழுந்திருக்கும். நாலு லட்சம் டாலர் ஏவுகணையால் ஒரு விளையாட்டு பலூனை அடிக்கும் அளவுக்கு எச்சரிக்கையானவர்கள், நெடுஞ்சாலையில் ஒரு ஊரையே சுட்டதைப் பார்த்துவிட்டு அடுத்த நாட்டுப் படத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள்.

கட்டண விவரம். தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறேன். கூடுதல் பக்கங்களுக்கு ஆகிற செலவைத் தெரிவித்தால் கட்டிவிடுகிறேன். மேற்கொண்டு ஏதாவது பாக்கி இருந்தால் நாங்கள் உங்களுக்கு அனுப்பும் ரசீதில் கழித்துக்கொள்ளலாம். 1979-ல் நாசாவின் ஸ்கைலேப் உடைந்து ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் என்ற சின்ன ஊரில் விழுந்தபோது, அந்த ஊர் நிர்வாகம் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. நாசா கட்டவில்லை, 2009-ல் ஒரு வானொலிக்காரர் நேயர்களிடம் பிரித்துக் கட்டினார். முத்தையாபுரம் ஊராட்சியாக இருந்து இப்போது தூத்துக்குடி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. குப்பைக்கு வரி போட எங்களுக்கும் ஆள் உண்டு.

முப்பது நாளுக்குள் பதில் வேண்டும். நகல் தர மறுப்பதாக இருந்தால் எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறீர்கள் என்று குறிப்பிடவும். தேசப் பாதுகாப்பு என்று எழுதப்போகிறீர்கள், தெரியும். அப்படியானால், 2023 டிசம்பர் 17 ராத்திரி மொட்டை மாடியில் நின்றவர்கள் எந்தத் தேசத்தில் சேர்த்தி என்பதையும் அதே தாளில், முத்திரையோடு, எழுதி அனுப்பவும்.

இப்படிக்கு,
மனுதாரர்.